முதல் பிரசவம் சுகப்பிரசவம், இப்போது சிசேரியன்: அம்மா வீட்டில் என்னென்ன ஏற்பாடு செய்வது?

நீங்கள் கேட்டிருப்பது இது. முதல் குழந்தைக்கு மூன்றரை வயது, சுகப்பிரசவம். வயிற்றில் இருக்கும் குழந்தைக்குத் தலை மேலே, பிட்டம் கீழே. அதனால் அடுத்த மாதம் அரசு மருத்துவமனையில் சிசேரியனுக்குத் தேதி குறித்துவிட்டார்கள். பிறகு கோவில்பட்டிப் பக்கம் அம்மா வீட்டுக்குப் போகிறீர்கள். அங்கே படுக்கை பாயில்தான். கழிப்பறை வீட்டுக்குப் பின்னால், குந்தி உட்காரும் வகை. அம்மாவுக்கு முழங்கால் வலி. கணவருக்கு ஓசூரில் வேலை, பத்து நாளுக்குமேல் லீவு கிடைக்காது. "போன தடவை மூணாம் நாளே நடமாடிட்டேன், இந்தத் தடவையும் சமாளிச்சுக்கலாம்ல?"

சமாளிக்கலாம். ஆனால் போன தடவையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். பிரசவ வார்டில் பல வருஷம் நர்ஸாக வேலை பார்த்தவள் நான். சிசேரியன் முடிந்து வீட்டுக்குப் போய் அவதிப்படுகிறவர்களில் ஏற்கெனவே ஒரு சுகப்பிரசவம் ஆனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். முதல் தடவைக்காரி பயத்தில் எல்லாவற்றுக்கும் ஆளைக் கூப்பிடுவாள். இரண்டாவது தடவைக்காரி தனக்குத்தான் தெரியுமே என்று தானே எழுந்து தண்ணீர் மோந்து குளிக்கப் போவாள்.

இந்த ஆபரேஷனில் தோல், அதன் அடியில் கொழுப்பு, வயிற்றுத் தசையின் மேலுறை, வயிற்றின் உள்ளுறை, கடைசியில் கர்ப்பப்பை என்று ஒவ்வொன்றாகத் திறக்கிறார்கள். தசையைப் பெரும்பாலும் வெட்டுவதில்லை, இரண்டு பக்கமும் விலக்குவார்கள். வெளித் தையல் ஒன்றிரண்டு வாரத்தில் ஆறிவிடும். அதைப் பார்த்து எல்லாம் ஆறிவிட்டது என்று நினைத்துவிடுவோம். உள்ளே ஆற ஆறு வாரமாவது வேண்டும். படுத்து எழுவது, இருமுவது, தும்முவது, குனிந்து துணி எடுப்பது எல்லாமே வயிற்றுத் தசையை இழுக்கிற வேலை. ஆகவே வீட்டைத் தயார் செய்யும்போது ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: நான் ஒரு நாளைக்கு எத்தனை தடவை தரையிலிருந்து எழ வேண்டியிருக்கும், எத்தனை தடவை குனிய வேண்டியிருக்கும்? அந்த எண்ணிக்கையை எவ்வளவு குறைக்கிறீர்களோ அவ்வளவு சீக்கிரம் தேறுவீர்கள்.

அதனால் முதலில் கட்டில். பாய் வேண்டவே வேண்டாம். தரையிலிருந்து எழ வயிற்றை மடக்கித்தான் ஆக வேண்டும், வேறு வழி கிடையாது. கயிற்றுக் கட்டிலும் நாடாக் கட்டிலும் உதவாது. நடுவில் தொய்ந்து ஆளை உள்ளே வாங்கிக்கொள்ளும், எழுவதற்குள் உயிர் போய்விடும். பலகையோ இரும்புத் தகடோ வைத்த கட்டில், மேலே கெட்டியான மெத்தை. விளிம்பில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் படிய வேண்டும், அந்த உயரம் போதும். உறவுக்காரர்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு வாங்கிக்கொள்ளலாம். எந்தப் பக்கம் இறங்குவீர்களோ அந்தப் பக்கத்தில் சாமான் எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுகிற முறையை இப்போதே பழகிக்கொள்ளுங்கள். மல்லாந்து படுத்தபடி நேராக எழக் கூடாது. முழங்காலை மடக்கி, தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பும்படி ஒருக்களித்துப் படுக்க வேண்டும். பிறகு காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கையை ஊன்றி உடம்பைத் தள்ளி உட்கார வேண்டும். ஒரு நிமிஷம் அப்படியே உட்கார்ந்துவிட்டு நிற்கலாம், இல்லாவிட்டால் தலை சுற்றும். இருமல் தும்மல் வந்தால் ஒரு சின்னத் தலையணையையோ மடித்த துண்டையோ தையல்மேல் வைத்து அழுத்திக்கொள்ளுங்கள். அந்தத் தலையணை எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

கழிப்பறைக்குச் சர்ஜிகல் கடையில் கமோடு நாற்காலி என்று கேளுங்கள். குழிக்கு மேலேயே வைத்து உட்காருகிற மாதிரி, நடுவில் திறந்த ஸ்டூலும் கிடைக்கிறது. இரண்டு பக்கமும் கைப்பிடி இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். கொல்லைப்புறம் போகிற வழியில் ஒரு பல்பு போட்டுவிடுங்கள், பாசி பிடித்த கல் இருந்தால் தேய்த்துவிடச் சொல்லுங்கள். முதல் வாரம் ராத்திரி தனியாகப் போக வேண்டாம். முதல் மலம் கழியக் கொஞ்ச நாள் ஆகலாம், பயமாகவும் இருக்கும். தையல் பிரிந்துவிடாது, ஆனால் முக்கக் கூடாது. தண்ணீர், கீரை, வாழைப்பழம், வேண்டுமானால் டாக்டரிடம் கேட்டு மலமிளக்கி மருந்து. இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் இறுகும், கறுக்கும். அதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். பிரசவத்துக்குப் பிறகு 180 நாள் அது தேவை. கால்சியம் மாத்திரையையும் இதையும் ஒரே வேளையில் போடாதீர்கள், ஒன்று இன்னொன்றை உடம்பில் சேரவிடாது.

கட்டிலைவிடக் கஷ்டமான ஏற்பாடு ஆள். உங்கள் வீட்டு நிலவரத்தைப் படித்ததும் எனக்கு முதலில் உறுத்தியதே இதுதான். அம்மாவால் சமைக்க முடியும், குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள முடியும். நடுராத்திரி ஒரு மணிக்கு எழுந்து, குழந்தையைத் தூக்கி உங்கள் கையில் கொடுத்து, ஈரத்துணி மாற்றி, மறுபடி கிடத்த முடியுமா? முழங்கால் வலியோடு இரண்டு ராத்திரி தாங்குவார். மூன்றாம் ராத்திரி, அம்மா பாவம் என்று நீங்களே எழுந்துவிடுவீர்கள். ராத்திரிக்கென்று ஒருவர் வேண்டும். மதினியோ, சித்தியோ, பெரியம்மா மகளோ, இல்லை சம்பளத்துக்கு ஒருவரோ, முதல் இரண்டு வாரத்துக்காவது பேசி வையுங்கள். பகலில் துணி துவைக்கவும் தண்ணீர் பிடிக்கவும் தனியாக ஒருவர் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டாலும் ஓட்டிவிடலாம். ராத்திரி ஆள் இல்லாமல் ஓட்ட முடியாது.

கணவரின் லீவை எப்படிச் செலவழிப்பது என்பதிலும் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். பத்து நாளையும் ஆஸ்பத்திரி வாசலிலேயே கழித்துவிட்டு, டிஸ்சார்ஜ் ஆகும் அன்று பஸ் ஏறிவிடுவார்கள். பெண்கள் வார்டில் பெரும்பாலும் கூட இருக்கப் பெண்ணைத்தான் விடுவார்கள். அவர் மரத்தடியில் நின்று யாருக்கு என்ன பிரயோஜனம்? ஆபரேஷன் அன்றும் மறுநாளும் இருக்கட்டும். கையெழுத்து, ரத்தம் என்று ஏதாவது தேவைப்படலாம். பிறகு ஊருக்குப் போய் வேலை பார்த்துவிட்டு, நீங்கள் வீட்டுக்கு வரும் அன்று திரும்பட்டும். வீட்டுக்கு வந்த முதல் வாரம்தான் நர்ஸும் இல்லாமல் பழக்கமும் இல்லாமல் திண்டாடுகிற வாரம். குழந்தையைக் குளிப்பாட்ட அவருக்குத் தெரியாமல் போகலாம். தூக்கிக் கொடுக்கவும், துணி மாற்றவும், வருகிறவர்களை வாசலோடு அனுப்பவும் தெரிந்தால் போதும்.

மூத்த குழந்தையின் வயதைத் தவிர அதைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. எனக்கு அதுதான் கவலை. குழந்தை எடைக்குமேல் எதையும் ஆறு வாரம் தூக்கக் கூடாது என்பார்கள். குடம், ஈரத்துணி வாளி, அரிசி மூட்டை எதையும் தொடாமல் இருந்துவிடலாம். மூன்றரை வயதுப் பிள்ளை "தூக்கு" என்று கையை நீட்டினால் என்ன செய்வீர்கள்? இன்றிலிருந்தே தொடங்குங்கள். நின்றபடி தூக்குவதை நிறுத்திவிட்டு, நீங்கள் உட்கார்ந்ததும் பிள்ளையே ஏறி வந்து பக்கத்தில் சாய்ந்துகொள்ளப் பழக்குங்கள். ராத்திரி பாட்டியோடோ அப்பாவோடோ படுக்கப் பழக்குங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அதைத் தொடங்கினால், தம்பியோ தங்கையோ வந்ததால்தான் நம்மைத் தள்ளி வைக்கிறார்கள் என்று அந்தப் பிள்ளைக்குத் தோன்றும். "அம்மா வயித்துல புண்ணு இருக்கு, ஆறுற வரைக்கும் மெதுவாத்தான் கட்டிக்கணும்" என்று நேராகவே சொல்லலாம், அந்த வயதுக்குப் புரியும். கட்டிலில் படுக்கும்போது உங்களுக்கும் பிள்ளைக்கும் நடுவில் ஒரு தலையணை இருக்கட்டும், தூக்கத்தில் உதைத்துவிடும்.

இனி சாப்பாடு. இங்கேதான் அம்மாவோடு மல்லுக்கு நிற்க வேண்டியிருக்கும், ஆகவே இப்போதே பேசிவிடுங்கள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். ஆனால் நம் பத்தியம் முழுக்க வீட்டிலேயே பிரசவம் பார்த்த காலத்தில் உருவானது. அதில் நல்லதும் இருக்கிறது, கெடுதலும் இருக்கிறது. பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, சுறாப்புட்டு, நாட்டுக்கோழிச் சாறு எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். தாய்ப்பாலை அவை எவ்வளவு கூட்டும் என்ற விவாதம் ஒரு பக்கம் இருக்கட்டும், உடம்புக்குப் புரதமும் சத்தும் கிடைக்கிறது. கருவாட்டில் உப்பு அதிகம், ரத்த அழுத்தம் இருந்தால் வேண்டாம். லேகியம் கொஞ்சமாகச் சாப்பிடலாம். கர்ப்பத்தில் சர்க்கரை இருந்திருந்தால் அதிலுள்ள வெல்லத்தை நினைவில் வையுங்கள்.

கெடுதல் இரண்டு. ஒன்று, தண்ணீரைக் குறைப்பது. "பச்சை உடம்புக்காரி தண்ணி குடிச்சா வயிறு ஊதிக்கும், புண்ணு ஆறாது" என்பார்கள். வயிறு தண்ணீரால் ஊதுவதில்லை. ஒன்பது மாதம் விரிந்த கர்ப்பப்பை சுருங்கவே ஆறு வாரம் ஆகும். தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கல், நீர்க்கடுப்பு, ரத்தம் உறைகிற ஆபத்து எல்லாம் கூடும். பால் கொடுக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு டம்ளர் என்று வைத்துக்கொள்ளுங்கள், அம்மாவுக்காக வேண்டுமானால் வெந்நீராகக் குடியுங்கள். இன்னொன்று, பருப்பு, முட்டை, தயிர் சேர்த்தால் சீழ் பிடிக்கும் என்பது. சீழ் பிடிப்பது கிருமியால். புண் ஆறுவதற்குப் புரதம் வேண்டும், அதைத்தான் இந்தத் தடை பிடுங்கிக்கொள்கிறது. நீங்கள் சொல்லி அம்மா கேட்காவிட்டால் அடுத்த செக்கப்புக்கு அவரையும் அழைத்துப்போய் டாக்டர் வாயாலேயே சொல்ல வையுங்கள். மகள் சொன்னால் எதிர்வாதம், டாக்டர் சொன்னால் வேதவாக்கு. எங்கள் வீட்டிலும் அதே கதைதான்.

வலிக்கு மாத்திரை போட்டால் பாலில் போய்விடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க வேண்டாம். பாராசிட்டமாலும் ஐபுபுரொஃபெனும் பாலில் மிகக் குறைவாகவே கலக்கும், பால் கொடுக்கும் தாய்மாருக்கு வழக்கமாகத் தருகிறவைதான். முதல் சில நாள் வலி உச்சத்துக்கு வரும்வரை காத்திருக்காமல், எழுதிக்கொடுத்த நேரத்துக்குப் போட்டுவிடுங்கள். வலி இருந்தால் நடக்க மாட்டீர்கள், குழந்தையைச் சரியாகப் பிடித்துப் பால் கொடுக்கவும் வராது. ஆஸ்துமா, அல்சர், ரத்த அழுத்தம் ஏதாவது இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதிக்கொடுத்த வலி மாத்திரையை மட்டும் தொடாதீர்கள். கோடீன், ட்ராமடால் வகை குழந்தையின் மூச்சைப் பாதிக்கலாம்.

நடப்பதும் மருந்து மாதிரிதான். நாற்பது நாள் படுக்கையை விட்டு எழக் கூடாது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களில் காலில் ரத்தம் உறையும் ஆபத்து சாதாரண நாளைவிட அதிகம், சிசேரியன் ஆனவர்களுக்கு இன்னும் கூடுதல். வீட்டுக்குள்ளேயே சில மணிக்கு ஒரு தடவை மெதுவாக நடந்து வந்தால் போதும்.

குளியல். கட்டுப் பிரித்து டாக்டர் சரி என்றதும் குளிக்கலாம், தையல்மேல் தண்ணீர் படலாம். ஆனால் சுகப்பிரசவத்துக்குப் பிறகு செய்தார்களே, கொதிக்கக் கொதிக்க வெந்நீரை ஓங்கி வயிற்றில் அடிப்பது, அது இப்போது ஆகாது. உட்கார ஒரு ஸ்டூல் போட்டு, இதமான தண்ணீரைத் தோளிலிருந்து விடச் சொல்லுங்கள். பிறகு சுத்தமான துணியால் ஒற்றி எடுத்து, ஃபேன் காற்றில் உலர விடுங்கள். மஞ்சள், வேப்பெண்ணெய், விபூதி, பவுடர் எதுவும் புண்ணில் வேண்டாம். வயிறு மடிந்து தையல்மேல் விழுந்தால் அந்த மடிப்பில்தான் ஈரம் தங்கும், கிருமி சேரும். தினமும் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள், உங்களால் குனிந்து பார்க்க முடியாது. சாம்பிராணி போட்டால் குழந்தை அடுத்த அறையில் இருக்கட்டும்.

வயிற்றில் துணி கட்டுவதையும் கேட்பார்கள். பெல்ட் போட்டால் முதல் ஒன்றிரண்டு வாரம் நடக்க இதமாக இருக்கும், அவ்வளவுதான். தொப்பையை அது கரைக்காது. மூச்சு முட்ட இறுக்கிக் கட்டினால் கெடுதல். உள்ளாடை எலாஸ்டிக் சரியாகத் தையல்மேல்தான் உரசும், ஆகவே ஒரு அளவு பெரிதாக, தொப்புளுக்கு மேல் ஏறுகிற பருத்தி உள்ளாடை வாங்குங்கள். முன்பக்கம் ஜிப் வைத்த நைட்டி நாலைந்து போதும். தையலைச் சுற்றி மாதக்கணக்கில் மரத்துப்போய் இருக்கலாம், அது இயல்பு. முதுகில் ஊசி போட்டதால் ஆயுசுக்கும் முதுகுவலி என்ற பேச்சை நம்ப வேண்டாம். ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கும். பிறகு வருகிற வலி பெரும்பாலும் கூன் போட்டு உட்கார்ந்து பால் கொடுப்பதால் வருவது. சாய்மானம் உள்ள நாற்காலியும், காலுக்கு ஒரு மணையும் வைத்துக்கொள்ளுங்கள்.

தாய்ப்பால் கொடுப்பது உங்களுக்குத் தெரியும். புதிதாகத் தெரிய வேண்டியது இரண்டே. குழந்தையை மடியில் கிடத்தினால் தையலில் உதைக்கும். ஒருக்களித்துப் படுத்துக் கொடுங்கள், இல்லையென்றால் குழந்தையின் உடம்பை உங்கள் அக்குளுக்கு அடியில் பின்னோக்கிப் போகும்படி பிடித்துக் கொடுங்கள். சிசேரியனுக்குப் பிறகு பால் நன்றாகக் கட்ட ஒன்றிரண்டு நாள் தாமதமாகலாம். அதுவரை வருகிற சீம்பாலே போதும் என்று பெரியவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால் எதையும் நாக்கில் தடவ விடாதீர்கள்.

ஒரு தாளில் இந்த ஆபத்து அறிகுறிகளைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள், நீங்கள் மட்டுமல்ல வீட்டில் எல்லோரும் படிக்க வேண்டும். 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல். தையல் சிவந்து வீங்குவது, சீழ், நாற்றம், வாய் பிரிவது. ஒரு மணி நேரத்தில் ஒரு பேடு முழுக்க நனைவது, பெரிய கட்டிகளாக ரத்தம் போவது. ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி. கடுமையான தலைவலி, கண் மங்கல், வலிப்பு. சிறுநீர் போகாமல் அடைப்பது. இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மூச்சுத்திணறல், வலிப்பு, ரத்தப்போக்குக்கு உடனே 108. ஆபரேஷனுக்கு முன் ரத்த அழுத்தம் சரியாக இருந்தவர்களுக்கும் பிரசவத்துக்குப் பிறகு அது ஏறலாம். அதனால் தலைவலியைத் தூக்கம் கெட்டதால் வந்தது என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

மூன்றாம் நான்காம் நாள் காரணமில்லாமல் அழுகை வரும், இரண்டு வாரத்துக்குள் தணிந்துவிடும். அதைத் தாண்டியும் நீடித்தால், குழந்தை பிடிக்காமல் போனால், செத்துவிடலாம் போலத் தோன்றினால் டாக்டரிடம் சொல்லுங்கள். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். கணவருக்கும் அந்த எண் தெரிந்திருக்கட்டும். சம்பந்தமில்லாமல் பேசுவது, காதில் குரல் கேட்பது, நாள் கணக்கில் தூங்காமல் பரபரப்பாக இருப்பது என்று ஆனால் அதைப் பேய் பிடித்தது, சன்னி என்று வைத்துக்கொண்டிருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

சில்லறை விஷயங்கள். அரசு மருத்துவமனையில் சிசேரியனுக்கு ஏழு நாள்வரை இலவச உணவும், வீட்டுக்குக் கொண்டுவிட வண்டியும் 2011இல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தில் உண்டு. அந்த வண்டிக்கு 102. ஆட்டோவில் வந்தால் ஒவ்வொரு வேகத்தடையிலும் உயிர் போய் வரும். நீங்கள் கர்ப்பத்தை ஓசூரில் பதிவு செய்திருந்தால், அப்போது கொடுத்த பிக்மி எண்ணோடு அம்மா ஊர்க் கிராம சுகாதார செவிலியரைப் போனதும் பாருங்கள். பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண் கேட்பார்கள், முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும் அதுவேதான். ஆபரேஷனுக்கு முன் இன்னொரு தடவை ஸ்கேன் பார்ப்பார்களா என்றும் கேளுங்கள். கடைசி நேரத்தில் தலை கீழே திரும்பிவிடுகிற குழந்தைகள் உண்டு, திரும்பிவிட்டால் திட்டமே மாறலாம்.

கடைசியாக ஒன்றை யாரும் உங்களிடம் முன்கூட்டிக் கேட்காமல் போகலாம். இதோடு போதும் என்றால் கருத்தடை ஆபரேஷனை இதோடேயே செய்துவிடலாம், இடைவெளி வேண்டும் என்றால் காப்பர்-டியை அப்போதே வைத்துவிடலாம். ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கர்ப்பத்துக்கும் நடுவில் 24 மாதமாவது வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கர்ப்பப்பையில் தையல் போட்ட உங்களுக்கு அது இன்னும் முக்கியம். இதையெல்லாம் டேபிளில் படுத்த பிறகு யோசிக்க முடியாது. அடுத்த செக்கப்புக்குக் கணவரையும் அழைத்துப்போய்ப் பேசி, முடிவைக் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லிவிடுங்கள்.